ஆறு மாத எண்ணெயா, ஒரு வருட எண்ணெயா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். வண்டியும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இந்த இடத்தில் வழக்கமாக இன்னொரு வரி வரும், அம்மாவும் நலம் என்று. அந்த வரியை எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது தாள். இதில் அந்த வரி இல்லை. நின்றுகொண்டு படிக்காதே பாப்பா, எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறான் என்று நினைப்பாய். நம் வீட்டு லட்சணம் உனக்குத் தெரியும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பதற்குச் சுவர் என்று பெயர்தானே தவிர அது வெறும் பலகை, இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் தூக்கம் வரும். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழுந்துவிடும். வெளியே போய்ப் பேசலாம் என்றால், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன். செய்தி அனுப்பலாம் என்றால் அதுவும் அவள் கையில்தான். எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது என்பதால் நீ அனுப்புவதை அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள், நான் சொல்வதை அவள்தான் தட்டி அனுப்புகிறாள். அதனால்தான் பஸ் டிப்போவில் புகார் எழுதி எழுதிப் பழகிய இந்தக் கையால் எழுதுகிறேன். புகார்க் கடிதம் மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள். ஹாரன் மாமா இதை வாங்கிக்கொண்டு போய் கூரியரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் எண்ணெய் எண்ணெய் என்று உன் உயிரை வாங்கினேனே, காருக்கு முழு சிந்தடிக் நல்லதா, பாதி சிந்தடிக் போதுமா, சாதாவே ஊற்றிவிடலாமா என்று, அது காருக்காக இல்லை பாப்பா. நீ அம்மா எங்கேப்பா என்று கேட்கிற நேரத்தில் உன் அம்மா வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருப்பாள், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயோடு படுத்திருப்பாள். வாயில் எதையாவது வரவழைத்து உன்னைத் திசைதிருப்ப வேண்டும். முதல் தடவை நீ கேட்டபோது ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன், சாவியைத் திருப்பினால் சிவப்பாக ஒரு எண்ணெய்க் குவளைப் படம் எரிந்து அணையுமே, அது கண்ணில் பட்டது, அதைப் பற்றிக் கேட்டுவிட்டேன். நீயோ இன்ஜினைப் பிரித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். நாற்பது நிமிஷம் பேசினாய். அம்மாவை மறந்துவிட்டாய். அடடா, இவளைச் சமாளிக்க ஒரு சொட்டு எண்ணெய் போதும் போலிருக்கே என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இதில் உன் அம்மாவும் கூட்டு. போன மாதம் என் பெயரில் வந்த கேள்விகளில் பாதி அவள் யோசித்துத் தட்டியது. இன்னிக்கு ஃபில்டரைப் பத்திக் கேளுங்க, ஒரு வாரம் ஓடும், என்பாள்.

ஆனால் ஒன்று. டின்னில் 5W என்று போட்டிருந்ததை ஐந்து வாட் என்று நினைத்து, இருபது வாட் எண்ணெய் ஊற்றினால் இன்னும் பளிச்சென்று ஓடுமா என்று கேட்டேன் பார், அது நடிப்பில்லை. நிஜமாகவே பல்பு மாதிரி என்றுதான் நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸிலேயே கிடந்தவன், ஆனால் கண்டக்டருக்கு இன்ஜின் எதற்கு, விசில் ஊதினால் போகும், இன்னொரு தடவை ஊதினால் நிற்கும், எனக்குத் தெரிந்த இயந்திர சாஸ்திரம் அவ்வளவுதான். நீ அங்கே சிரித்த சிரிப்பை அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவைத்தேன். அப்புறம் நீ பொறுமையாகச் செய்தியில் எழுதி அனுப்பினாய், அந்த W குளிருக்கு, முன்னால் இருக்கும் எண் சின்னதாக இருந்தால் ஆறிக் கிடக்கும் இன்ஜினுக்குள் எண்ணெய் சட்டென்று ஓடிப் போய்ச் சேரும், பின்னால் இருப்பது சூடான பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு, யார் என்ன சொன்னாலும் கேட்காதே, வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதை மட்டும் வாங்கு என்று. அந்தச் செய்தியை உன் அம்மா மூன்று தடவை வாசித்தாள். எண்ணெய் அவளுக்கு எதற்கு. நீ எழுதியது என்பதால் வாசித்தாள்.

ஹாரன் மாமாவை உனக்கு நினைவிருக்கும், நான் கண்டக்டராக இருந்த வண்டிக்கு அவன்தான் டிரைவர், ஒரு நாள் ஹாரன் வேலை செய்யவில்லை என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வழி முழுக்கக் கத்திக்கொண்டே ஓட்டினவன். உன் 5W-30 அவனுக்குப் பிடிக்கவே இல்லை. டேய் கண்டக்டரு, இது எண்ணெயா தண்ணியாடா, இதை ஊத்தினா இன்ஜினுக்கு சளி புடிச்சுக்கும், நம்ம பஸ்ஸுக்கு ஊத்தின மாதிரி கெட்டியா ஊத்துடா, என்று வாசலில் நின்று சண்டை போட்டான். உள்ளேயிருந்து உன் அம்மா, அண்ணே, உங்க பஸ்ஸு ஏத்தத்துல ஏறுறதுக்குள்ள பாசஞ்சர் எல்லாம் இறங்கி நடந்தே போயிடுவாங்க, எம் பொண்ணு சொன்னதை ஊத்துங்க, என்றாள். அந்தக் குரல் எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும், சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி. மூன்று மாதத்துக்கு முன்னால் தெரிந்தது. வயிற்று வலி, வாயு என்று உன்னிடம் சொன்னோமே, அதுதான். மருந்து ஏற்றினார்கள், இரண்டு சுற்று முடிந்ததும் அது கல்லீரலுக்கும் போய்விட்டது என்று தெரிந்தது. அவள் இருபத்தாறு வருஷம் துணியறையில் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். படுத்த முதல் நாளே போர்வையைப் புரட்டி ஓரத் தையலைப் பார்த்துவிட்டு, இது என் மிஷின்ல தைச்சது, ரெண்டு தையல் போட்டிருக்கேன் பாருங்க, என்று நர்ஸுக்குக் காட்டினாள். பக்கத்துக் கட்டில் போர்வை புதிசு, அதன் தையல் பிரிந்திருந்தது, அதற்கு ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரையும் அவளுக்குத் தெரியும், அதனால் அவளிடம் யாராலும் எதையும் மறைக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே வரச் சொன்னார். உன் அம்மா, அவர் வெளியே வந்து அழுவார், நான் உள்ளேயிருந்து அதைக் கேக்கணும், எதுக்கு ரெண்டு வேலை, இங்கேயே சொல்லுங்க, என்றாள். அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டார். நாலு மாதம், கூடக்குறைய இருக்கலாம், இனிமேல் மருந்து ஏற்றுவதில் பலன் இல்லை, வலிக்கு மட்டும் பார்ப்போம் என்று.

உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு. உன் வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்தரை மாதம் இருக்கிறது, நடுவில் நீண்ட விடுப்பு எடுத்தால் மறுபடி முதலிலிருந்து என்று நீ எப்போதோ சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். பதினோரு இடத்துல எழுதிப் போட்டு வாங்கின வேலை, என்னால அவ அதை விட்டுட்டு வரக் கூடாது, என்றாள். நாலுக்கும் ஐந்தரைக்கும் கணக்கு உதைக்கிறதே என்று நான் கேட்டேன். நீங்க ஓடி வர்ற ஆளுக்காக பஸ்ஸை நிறுத்தினதே இல்லையா, அது மாதிரி ஒன்றரை மாசம் நான் நிறுத்தி வெச்சுக்கறேன், என்றாள். அதோடு விடவில்லை. மீறி வாயைத் தொறந்தீங்கன்னா அப்புறம் இருக்கற நாள் முழுக்க உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது உனக்கே தெரியும். கல்யாணமான புதிதில் சம்பள நாளன்று சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி மறந்து தூங்கிவிட்டதற்கு ஒன்பது நாள் பேசாமல் இருந்தவள். அதனால் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். தைரியத்துக்கும் உன் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்.

போன செவ்வாய்க்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வலி மருந்து குழாயில் இறங்கி முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், எதிர்வரிசையில் இருக்கும் எண்ணெய்க் கடைக்குப் போனேன். எண்ணெய் மாற்ற வேண்டியது நிஜமாகவே வந்துவிட்டது, பேசிப் பேசியே வரவழைத்துவிட்டோம் போலிருக்கிறது. கடையை நடத்துவது ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைக் கல்லா முழுக்கத் தேடுகிறவர். வண்டிப் புத்தகத்தைக் காட்டினேன். உன் எண்ணைச் சொன்னேன், 5W-30 என்று, பெரிய மேதாவி மாதிரி. அவர் இரண்டு டின் எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று பொன் நிறம். அண்ணே, ரெண்டும் நீங்க கேட்ட நம்பர்தான், இது பாதி சிந்தடிக், ஆறு மாசத்துக்கு வரும், இது முழு சிந்தடிக், ஒரு வருஷம் கவலையில்லை, என்றார். எது நல்லது என்று கேட்டேன். அது நீங்க சொல்லணும், வண்டியை எவ்வளவு நாளைக்கு ஓட்டப் போறீங்க, ஆறு மாசத்துல வித்துடுவீங்கன்னா இதுவே போதும், அதிகம் எதுக்கு, என்றார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நியாயமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் பாப்பா, நான் அந்த இரண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வண்டியை நாங்கள் எதற்கு ஓட்டுகிறோம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. கடைக்கு நடந்து போகிறேன், மற்றதற்கு பஸ், அதில் இன்னும் என்னைச் சும்மா ஏற்றிக்கொள்கிறார்கள். அவளுக்காக மட்டும்தான் அது ஓடுகிறது. நீலத்தைத் தொட்டால் ஆறு மாதம் போதும் என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி. பொன் நிறத்தைத் தொட்டால் யாரை ஏமாற்றுகிறேன். டாக்டரம்மா நாலு மாதம் என்று சொன்னபோது கூட நான் அவர் மேஜையில் இருந்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது காதில் நுழைந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அந்தக் கடையில், இரண்டு டின்னுக்கு முன்னால் நின்றபோதுதான் இறங்கியது. பின்னால் நின்ற லாரிக்காரர், பெரியவரே, எண்ணெய் வாங்க வந்தீங்களா பொண்ணு பாக்க வந்தீங்களா, சீக்கிரம் சொல்லுங்க, என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். எண்ணெய்க்குமா அண்ணே வீட்ல கேக்கணும், என்று கடைக்காரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் வந்து காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். ஒழுங்காக அழவும் தெரியவில்லை, நெற்றி ஹாரனில் பட்டு அது விடாமல் அலறியது, தெருவே திரும்பிப் பார்த்தது, முன்னால் போன அம்மா ஒருவர் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிக்குப் போனேன். உன் அம்மா என்னைப் பார்த்ததும், எண்ணெய் எங்கே, என்றாள். வாங்கவில்லை என்றேன். ஏன், கடை சாத்தியிருக்கா, என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கடை தெரிகிறது, பொய் சொல்வதற்குக் கூட ஒரு வசதி வேண்டும். சொன்னேன். ஆறு மாத எண்ணெயா ஒரு வருட எண்ணெயா என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன். போர்வை ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, பாலில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள், ஒரு வருஷத்துதே வாங்கிடுங்க, பாப்பா வர்றப்போ நீங்கதானே ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரணும், ஹாரன் அண்ணனை ஓட்டச் சொல்லுங்க, அன்னிக்கு உங்களுக்குக் கை நடுங்கும், வண்டி வழியில நின்னுச்சுன்னா அவ தனியா என்ன பண்ணுவா, ஏற்கெனவே அழுதுட்டு வருவா.

நீ வருகிற நாளைத்தான் அவள் சொன்னாள் பாப்பா. எந்த நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வந்து இறங்கும்போது தான் இருக்கப் போவதில்லை என்பதை அவள் முடிவே கட்டிவிட்டாள். ஒன்றரை மாதம் நிறுத்தி வைக்கிறேன் என்று என்னிடம் சொன்னதெல்லாம் சும்மா, என்னைச் சமாதானப்படுத்த. உன்னைக் கூட்டி வரும் அந்தப் பயணத்துக்கு எண்ணெய் எது, ஓட்டுவது யார் என்பது வரைக்கும் மனதுக்குள் போட்டுவைத்திருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை அவ தலையைத் தொட்டுப் பாக்கணும்போல இருக்குங்க, என்றாள். சொன்ன உடனே, இதைப் போய் அவகிட்ட சொல்லிடாதீங்க, என்றும் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே ஆசை அதுதான்.

பொன் நிற டின்னைத்தான் வாங்கினேன். மறுநாள் காலை ஹாரன் மாமா காருக்கடியில் படுத்துப் பழைய எண்ணெயை இறக்கினான். அது கறுப்பாக, நூல் மாதிரி, முடிவே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியிலிருந்தே, இன்னும் அந்தப் புள்ளைக்குச் சொல்லலையாடா, என்று கேட்டான். இல்லை என்றேன். நாளைக்கு அது வந்து எங்கிட்டச் சொல்லாம எப்படிப்பா இருந்தேன்னு கேட்டா எந்த மூஞ்சிய வெச்சுக்குவே, என்றான். இருப்பது ஒரே மூஞ்சி, அதுவும் பார்க்கிற மாதிரி இல்லை.

அதனால் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் உத்தரவு போடவில்லை. அந்த வேலைக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் மேலதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேள், மனுஷர்கள் எங்கேயும் மனுஷர்கள்தான். கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று நீயே யோசி, எந்த முடிவு எடுத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். தெரியாமலே நீ அங்கே இருந்துவிட்டதாக மட்டும் ஆகக் கூடாது. உனக்கு எதையும் மறைக்காமல் வளர்த்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் மூன்று மாதம் எண்ணெய் ஊற்றி மறைத்துவிட்டேன். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவள் சொன்னபடி என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். அவளிடம் பாக்கியிருக்கும் பேச்சு உனக்குத்தான் வர வேண்டும்.

இதைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது காலை பத்து மணி, அவள் தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். சற்று முன் உள்ளேயிருந்து, யாருக்கு அவ்வளவு நேரமா எழுதறீங்க, என்று குரல் வந்தது. டிப்போவுக்கு, பென்ஷன் விஷயமாக ஒரு மனு என்றேன். மனுவுக்கு யாராவது மூக்கை உறிஞ்சிக்கிட்டே எழுதுவாங்களா, என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பரண்ல இருக்கற அந்தப் பச்சைப் போர்வையை எடுத்து வெயில்ல போடுங்க, அவளுக்குப் பெட்டி வாசனை ஆகாது, தும்முவா, என்றாள். நீ இங்கே இருந்தபோது போர்த்திக்கொண்ட போர்வை அது, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஏணி வைத்து ஏறி எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன். அங்கிருந்து கொடி தெரிகிறது, பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை வேலை உன்னைக் கைவிடாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். கிளம்புகிற நாள் தெரிந்ததும் வழக்கமான எண்ணுக்கே கூப்பிடு, இனி ஒளிக்க வேண்டியதில்லை, அவளே எடுப்பாள். சாப்பிடாமல் வண்டி ஏறாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா